வீடு விலக்கிய கற்கள்



திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில், சிறுமலையைப் பார்த்தபடி, சின்னாளபட்டிக்கு அருகே அமைந்திருக்கிறது காந்திகிராமம். நம் குடும்பங்களில் பலர் அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையில் பிறந்தவர்கள். பலர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். ஆயினும் அவ்வூர் பிறந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதில்லை.

அவ்வூரைத் தோற்றுவித்தவர் டாக்டர் சௌந்தரம் அம்மையார். டி.வி.எஸ். நிறுவனத்தை நிறுவிய சுந்தரம் ஐயங்காரின் செல்வ மகள். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே மணமுடிக்கப்பட்டார். மருத்துவரான கணவர் இளமையிலேயே மறைந்தார். கைம்பெண் என்றால் மூலையில் ஒடுங்க வேண்டும் என்று ஊர் விதித்திருந்த காலம் அது. அம்மையாரோ தில்லி சென்று மருத்துவம் பயின்று, 1936இல் பட்டம் பெற்றார்.

காந்தியடிகளின் தொண்டரான ஜி. இராமச்சந்திரனை அங்கேதான் அறிந்தார். இவர் தமிழ்ப் பிராமணக் குலம். அவர் கேரள நாயர் குலம். கைம்பெண் மறுமணம் ஒன்று, சாதி கடந்த மணம் மற்றொன்று. பெற்றோர் உள்ளம் ஒப்பவில்லை. காந்தியடிகளோ இருவரையும் ஓராண்டு பிரிந்திருந்து மனத்தைச் சோதித்துக்கொள்ளப் பணித்தார். அன்பு மாறவில்லை. 1940இல் அவருடைய ஆசியோடு திருமணம் நிறைவேறியது.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் 7ஆம் நாள், அத்தம்பதியர் காந்திகிராமத்தைத் தொடங்கினர். சிறு மருத்துவ நிலையம் பெரிய மருத்துவமனையாயிற்று. 1956இல் எழுந்த கிராமியக் கல்வி நிறுவனம் 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. பெற்றோரால் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளுக்கும் அங்கே ஓர் இல்லம் அமைந்தது. 1962இல் திண்டுக்கல் தொகுதியின் மக்களவை உறுப்பினராகி, மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் அம்மையார் பணியாற்றினார், 1984இல் மறைந்தார்.

அவ்வூரோடு வாழ்வை இணைத்துக்கொண்ட மற்றவர்களையும் எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்த ரால்ப் ரிச்சர்டு கெய்தான், 1925இல் புரொட்டஸ்டண்டு சபையின் மறைபணியாளராக மதுரைப் பகுதிக்கு வந்தவர். கதர் உடுத்தி இந்திய விடுதலையை ஆதரித்ததால், ஆங்கில ஆட்சியினரால் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப்பின் மீண்டும் வந்து இம்மண்ணுக்கே உழைத்தார். நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள், சௌந்தரம் அம்மையாரின் ஆதரவால் பட்டம் பெற்றார். பின்னர்க் கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து, கீழத்தஞ்சையின் ஏழைப் பெண்களுக்கு நிலம் கிடைக்கப் போராடினார். 2020இல் அவருக்குப் பத்மபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

கைம்பெண், நாடு கடத்தப்பட்டவர், சாதியால் தள்ளப்பட்டவர், தொட்டிலிலேயே கைவிடப்பட்ட குழந்தை. கட்டுவோர் விலக்கிய கல் மூலைக்கல்லாகும் என்று ஆண்டவர் சொன்னதை, நம் கண்ணெதிரே ஓர் ஊராகவே காண்கிறோம் அன்றோ?

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். கணவனை இழந்தவள் விரும்பினால் ஆண்டவருக்குள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்பது புனித பவுல் அடிகளாரின் போதனை. திருச்சபை அதை ஒருபோதும் தடுத்ததில்லை. ஆயினும் திருமண ஓலை வாசிக்கும் நாளில் நம் பங்குகளில் நாம் காண்பதென்ன? இளம் கைம்பெண்ணைப் பந்தலின் பின்வரிசையில் நிறுத்துகிறோம். மகளுக்குத் தாலி எடுத்துக் கொடுக்கத் தாயே தயங்கி ஒதுங்குகிறாள். "வாருங்கள் அம்மா" என்று அழைப்பார் இல்லை. மறுமணப் பேச்சு எழுந்தால் முதலில் சாதியைக் கேட்கிறோம்; பிறகே ஞானஸ்நானத்தைக் கேட்கிறோம். நயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்டு மனமிரங்கிய ஆண்டவர், நம் பந்தலுக்கு வந்தால் எந்த வரிசையில் நிற்பார்?

ஆகவே அடுத்த திருமணத்தில், நம் குடும்பத்துக் கைம்பெண்ணை முன்வரிசைக்கு அழைத்து, மணமக்களின் நெற்றியில் முதற் சிலுவை வரையச் சொல்வோம். படிக்க விரும்பும் இளம் கைம்பெண் இருந்தால், கல்விக்கு வழி செய்வோம். காந்திகிராமம் வழியாகப் பேருந்தில் செல்லும்போது, பிள்ளைகளுக்கு அவ்வூரைக் காட்டி இக்கதையைச் சொல்வோம்.