கல் ஒன்று, கதை இரண்டு!

"சிற்பம், ஓவியம் எல்லாம் ரொம்பப் படிச்சவங்க சமாச்சாரம், நமக்கு எதுக்குப்பா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை.

டிராயிங் ஹாலில் நாம் போடும் கோட்டுக்கு ஒரே அர்த்தம்தான். விட்டு விட்டுப் போட்டால் மறைந்த விளிம்பு. நீளமும் குட்டையுமாக மாற்றிப் போட்டால் மையக்கோடு. இரண்டு அர்த்தம் வந்தால் ஒர்க் ஷாப்பில் வேலை கெட்டது!

கலையோ நேர்மாறு. மாமல்லபுரத்தில் 7-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் செதுக்கிய பெரும் பாறையைப் பாருங்கள். ஒற்றைக் காலில் தவம் நிற்பவர் அர்ச்சுனன் என்பார் சிலர். பகீரதன் என்பார் சிலர். பகீரதன் என்றால், பாறை நடுவே உள்ள பிளவே கங்கையாகி விடுகிறது!

அதே பாறையில் கீழே ஒரு பூனையும் முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்கிறது. காலடியில் எலிகள்! மேலே தவம், கீழே வேஷம். பாணி ஒன்றுதான், அர்த்தம்தான் வேறு. எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா அதைப் பார்த்ததும், "நம்மூரு பெரிய மனுசன் மாதிரில்ல நிக்குது!" என்று சிரித்தார். இதைவிட நல்ல விளக்கவுரை உண்டா?

காலம், பாணி, மன்னர் பெயர் எல்லாம் படிக்க வேண்டியதுதான். நானும் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன். ஆனால் முதலில் கண், பிறகுதான் ஏடு என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிப் படி ஏறியவன் நான். முதலில் பார்க்கத் தெரிந்தவன் நானல்ல!

அடுத்த டூரில் போட்டோ எடுத்ததும் பஸ்ஸுக்கு ஓடாமல், பத்து நிமிஷம் நின்று பாருங்கள் நண்பர்களே!