செயின் அறுந்துதான் தோத்தோம்னு சொல்றவங்களுக்கு

ஆபீஸில் ஆணி அதிகம், அதான் கொஞ்ச நாளா இந்தப் பக்கம் வரலை. போன வாரம் லீவு போட்டு ஊருக்கு (விருதுநகர்தான், வேறெங்க) போயிருந்தேன். சித்தப்பா பையன் கூட்டாளிகள் நாலு பேரோட வந்து நின்னான். ரோபோ வார் போட்டிக்கு 15 கிலோவில் ஒண்ணு செஞ்சிருக்காங்க. போன தடவை முதல் ரவுண்டிலேயே செயின் போய் அவுட்டாம். "இந்தத் தடவை வெளிநாட்டு செயின் வாங்கறோம்ணே. ஆளுக்கு 2000 போடறோம், நீங்களும் கொஞ்சம்..." என்று இழுத்தான்.

அதில் ஒரு பையனோட அம்மா தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போறவங்க. அந்த 2000 எங்கேயிருந்து வரும்னு எனக்குத் தெரியும். காசு தர முடியாதுன்னு சொல்லிட்டேன். பயலுக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. ஏன் தரலைங்கறதுதான் இந்தப் பதிவு.

முதல்ல கணக்கு. 15 கிலோ ரோபோ, ரப்பர் டயர். உராய்வு 0.8ன்னு வெச்சாலும் 12 கிலோவுக்கு மேல இழுக்காது, அதுக்கப்புறம் சக்கரம் சும்மா வழுக்கும். 100 மில்லிமீட்டர் சக்கரம், 50 மில்லிமீட்டர் ஸ்பிராக்கெட்னா செயினில் வர்ற இழுவை 24 கிலோ. அடி, உதைக்காக அஞ்சு மடங்கு கூட்டினாலும் 120. கால் இஞ்ச் கண்ணி இருக்கிற 25ஆம் நம்பர் பொடி செயினே சுமார் 350 கிலோ தாங்கும். 35ஆம் நம்பர் 800 கிலோ. இதில் எங்கேங்க அறும்?

அறலை. தோத்த ரோபோவைக் கவுத்துப் பார்த்தேன். செயின் முழுசா இருந்தது, செயின் லாக்கில் இருக்கிற கிளிப்பைத்தான் காணோம். பைக் மெக்கானிக் சொல்லிக்கொடுத்த மாதிரி, கிளிப்போட மூடின பக்கம் ஓடற திசையைப் பார்க்க அழகா மாட்டியிருக்காங்க. பைக்குக்கு அது சரி, அது முன்னாடி மட்டும்தான் போகும். சண்டை ரோபோ நிமிஷத்துக்கு இருபது தடவை ரிவர்ஸ் எடுக்கும். அப்போ திறந்த பக்கம் முன்னாடி வரும், எதிலயாவது உரசினா கிளிப் தெறிச்சிடும். ஆகவே கிளிப்பே வேண்டாம். பின்னை அடிச்சு ரிவெட் பண்ணிடுங்க. லிங்க் எண்ணிக்கை இரட்டைப்படையா வர்ற மாதிரி சக்கர இடைவெளியை வைங்க. இல்லேன்னா அரை லிங்க் போட வேண்டி வரும், அதுக்குப் பலம் குறைவு.

ரெண்டாவது தப்பு கடையில் நடந்தது. பைக் செயின் (428) வாங்கிட்டு, ஸ்பிராக்கெட் மட்டும் வேற கடையில் 08ஏ-ன்னு வாங்கியிருக்காங்க. ரெண்டுமே 12.7 மில்லிமீட்டர் கண்ணி, அரை இஞ்ச்தானே! ஆனா 428இன் ரோலர் 8.51, 08ஏ-க்கு வெட்டின பல்லில் உட்கார வேண்டியது 7.92. ரோலர் பள்ளத்தில் அமராம பல் மேல ஏறி நிக்கும், ஒரு இடி வாங்கினா கழண்டு வெளியே. செயினும் ஸ்பிராக்கெட்டும் ஒரே ரகமா சேர்த்து வாங்கணும், கையில் ஒரு வெர்னியர் இருக்கணும். அதோட 428 மீட்டருக்கு 700 கிராம். ரெண்டு பக்கமும் சேர்த்து ரெண்டு மீட்டர் ஓடினா 1.4 கிலோ போச்சு. 06பி போட்டா 800 கிராம்தான். மிச்சமாகிற 600 கிராமை முன் தகட்டில் போடுங்கப்பா.

ஆயுதத்துக்கு செயின் வேண்டாம், வி பெல்ட் போடுங்க. அடி விழுந்தா அது வழுக்கும், மோட்டார் பிழைக்கும். அவ்வளவுதான்.

வெளிநாட்டு செயின் மோகத்துக்கு வர்றேன். கோயம்புத்தூர் எல்ஜிபியோட ரோலான், சென்னை டிஐயோட டைமண்ட் ரெண்டும் நம்ம மாநிலத்துச் சரக்கு. சிவகாசியில் ஆப்செட் ப்ரஸ் மெஷின்ல அச்சான பேப்பரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறதே ரெண்டு பக்கமும் ஓடற செயின்தான். அதனால அங்க பேரிங், செயின், ஸ்பிராக்கெட்டுக்குப் பஞ்சமில்லை. பசங்களை அங்க கூட்டிட்டுப் போனேன். ப்ரஸ் மெஷின் பழுது பார்க்கிற அண்ணாச்சி ஒருத்தர், ரோபோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்திரன் படத்துல வர்ற மாதிரி பேசுமா தம்பி?"ன்னு கேட்டுட்டு, இரும்பு ஸ்கேலை ரெண்டு ஸ்பிராக்கெட் மேலயும் வெச்சார். மூணு மில்லிமீட்டர் கோணல். "நூல் பிடிச்சுப் பாக்காம மாட்டுனா எந்த ஊரு செயினும் நிக்காது. ஆக்சிலை ஒரு பக்கம் மட்டும் தாங்கிக்கிட்டிருக்கே, இடிச்சா வளையாதா?" என்றார். இஞ்சினியரிங் படிச்ச எனக்கு அது கண்ணில் படலை. ஹி ஹி.

ஆக்சிலுக்கு ரெண்டு பக்கமும் பேரிங், மோட்டார் நகர்த்த நீள ஓட்டை, 300 மில்லிமீட்டர் தூரத்துக்கு 6 மில்லிமீட்டர் தொய்வு. 11 பல்லுக்குக் கீழே போகாதீங்க. 11லயே ஒவ்வொரு பல்லுக்கும் வேகம் 4 சதவீதம் ஏறி இறங்கும். 17 பல்லுன்னா 1.7தான். புது செயின் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் தளரும். அதனால போட்டிக்கு முன்னாடியே அரை மணி ஓட்டிட்டு மறுபடி இறுக்குங்க.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பசங்களை நல்லா திட்டினேன். சோதனை ஓட்டத்தை வெச்சிருந்தது பட்டாசு குடோனுக்குப் பக்கத்துக் காலி நிலத்தில்! மருந்து கலக்கற ரூமுக்குள்ள இரும்புக் கருவியே ஆகாதுன்னு பித்தளையும் மரமும் வெச்சு வேலை பார்க்கிற ஊரு இது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பது பேருக்கு மேல போனது இவனுகளுக்கு மறந்திருக்கலாம், எங்க தெருவுக்கு மறக்கலை. இரும்பும் இரும்பும் மோதினா பொறி வரும், கிரைண்டரில் செயின் வெட்டினாலும் வரும். வெட்டற வேலை டவுனுக்குள்ள லேத் பட்டறையில், ஓட்டம் குடோன் எதுவும் இல்லாத கிரவுண்டில், சுத்தி மணல் மூட்டை அடுக்கி. இதுக்கு ஒத்துக்கிட்ட அப்புறம்தான் அண்ணாச்சிகிட்டயே கூட்டிட்டுப் போனேன்.

06பி செயின், ஸ்பிராக்கெட், பேரிங் எல்லாம் சேர்த்து அவங்க பிரிச்ச பணத்தில் பாதி கூட ஆகலை. மிச்சத்தை அம்மாகிட்ட திருப்பிக் கொடுத்தியாடான்னு நேத்து போனில் அந்தப் பையனைக் கேட்டேன்.

"பேட்டரி சார்ஜர் வாங்கணும்ணே"ங்கறான்.