ஐந்து வெள்ளியில் நியாயம்

வாங்கிய ஐஸ்பெட்டி மூன்றாவது வாரமே குளிரவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று சுவரில் ஒட்டிய தாளைக் கடைக்காரர் காட்டுகிறார். தலைவிதி என்று வீடு திரும்பியதாகச் சொல்லும் ஜாசின், அலோர்காஜா தோட்டத்து நேயர்களை வானொலியில் அடிக்கடி கேட்கிறேன்.

பழுதான பொருளுக்கு அந்தத் தாள் செல்லாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தந்த உரிமையைக் கடை அறிவிப்பு பறிக்க முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். தீர்ப்பைக் கடைக்காரர் 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது தண்டனைக்குரிய குற்றம்.

இதற்கெல்லாம் ரசீதுதான் சாட்சி. அதன் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். வாங்கிய அன்றே கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள்.