அந்த ஜீப்பை வாங்காதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. முழுக்க வாசியுங்கள். வாசித்த பிறகு திட்டுவதென்றால் திட்டுங்கள்.

நாலைந்து நாளாக எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு பச்சை ஜீப்பின் படம் சுற்றுகிறது. பெயர் ரொக்ஸ்டா. பொடியள் சிலர் சேர்ந்து, சீட்டுக் காசில் கொஞ்சம், கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற சொந்தங்களிடம் கொஞ்சம் என்று திரட்டி, அதை ஊருக்கென்று வாங்கப் போகிறார்களாம். வெள்ளம் வந்தால் சனத்தை ஏற்றலாம், வருத்தக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், மற்ற நாளில் வாடகைக்கு விடலாம் என்பது திட்டம். வெள்ளிக்கிழமை முற்பணம் கொடுப்பதாகப் பேச்சு. மனம் நல்ல மனம். கணக்குத்தான் பிழை. அதனால் எல்லாருக்கும் தெரியவே சொல்கிறேன்: வாங்காதீர்கள்.

முதலில் அந்த ஜீப் எந்த வீட்டுப் பிள்ளை என்று பார்ப்போம். தென்கொரியாவில் கியாவுக்குக் கீழே ஏசியா மோட்டர்ஸ் என்றொரு கம்பனி இருந்தது. இராணுவத்துக்கு ஜீப் செய்தவர்கள், 1990 அளவில் அதே மாதிரியில் ஒன்றைப் பொதுமக்களுக்கு ரொக்ஸ்டா என்ற பெயரில் விற்றார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் உற்பத்தி நின்றுவிட்டது. 1998இல் கியாவை ஹூண்டாய் எடுத்தது. 1999இல் ஏசியா மோட்டர்ஸ் கியாவுக்குள் கரைந்தே போனது. தாய்வீடு மூடி இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிவிட்ட பிள்ளையைத்தான் நாங்கள் கட்டிவரப் பார்க்கிறோம்.

"சேர், அதுக்கு மஸ்டா ஆர்2 எஞ்சின். பொங்கோ வானில இருக்கிற அதே எஞ்சின். சாமான் எங்கையும் எடுக்கலாம்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். சரிதான். டீசல் ரொக்ஸ்டாவில் இருப்பது 2.2 லீற்றர் ஆர்2தான். பிஸ்டன், கஸ்கட் எல்லாம் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். ஆனால் தம்பி, எஞ்சினுக்காக மட்டுமென்றால் ஒரு பொங்கோ வானையே வாங்கலாமே? சேற்றில் இழுப்பதற்குத்தானே ஜீப்? அந்த இழுவை, பலத்தை முன் சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கிற ட்ரான்ஸ்பர் பெட்டியிலும், முன் டிபரன்சலிலும், முன் அச்சிலும், ஹப்பிலும் இருக்கிறது. அவற்றைப் பொங்கோவிலிருந்து கழற்றிப் பூட்ட முடியாது. அதில் ஒரு பல்லு உடைந்தால் இன்னொரு ரொக்ஸ்டா எங்கேயாவது உடைபட்டுக் கிடக்க வேண்டும், அதன் சொந்தக்காரனும் விற்கச் சம்மதிக்க வேண்டும். கிளிநொச்சியில் எந்தக் கராஜில் இந்தப் பெட்டியைத் திறந்து பூட்டின ஒரு பாஸ் இருக்கிறார்? பெயர் சொல்லுங்கள். சொன்னால் இந்தப் பதிவை அழிக்கிறேன்.

பழைய ஜீப்பே கூடாதென்று நான் சொல்லவில்லை. மிட்சுபிஷி 4டீஆர்5 ஜீப்பை எல்லாருக்கும் தெரியும். வில்லிஸ் உரிமத்தில் 1953 தொடங்கி 1998 வரை ஜப்பானில் செய்தார்கள். இலங்கையில் அது நிறைய ஓடியது, இன்னும் ஓடுகிறது. அதனால் அதன் சாமானும் இருக்கிறது, கைப்பழக்கம் உள்ள மெக்கானிக்கும் இருக்கிறார். ஊரில் ஒன்றே ஒன்றுதான் என்பது கலியாண ஊர்வலத்துக்கு அழகு. அவசரத்துக்கு நம்பும் வாகனத்துக்கு அதுவே சாபம்.

"விலை விழாது சேர், ஜீப் தங்கம் மாதிரி" என்பது அடுத்த வாதம். ஏன் அப்படித் தோன்றியது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரி வரை தனியார் வாகனங்களுக்குக் கதவு பூட்டியே இருந்தது. ஐந்து வருடமாகப் புது வண்டி வராத நாட்டில் பழைய இரும்புக்கெல்லாம் விலை ஏறியது. இப்போது வரி கடுமையென்றாலும் கதவு திறந்திருக்கிறது. அதோடு, ஆள் தெரிந்த மொடலை விற்பது வேறு, பெயரைக் கேட்டவுடன் "அது என்ன வாகனம்?" என்று கேட்கப்படுவதை விற்பது வேறு. வாங்க இன்னொரு ஆசைக்காரன் அகப்படும் வரை அது வளவுக்குள் மாமரத்துக்குக் கீழேதான் நிற்கும்.

அடுத்தது புத்தகம். 'ஓப்பின் பேப்பர்' என்று அந்த விளம்பரத்திலேயே இருக்கிறது. அதன் கருத்து, புத்தகத்தில் பெயர் உள்ளவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர், நடுவில் எத்தனை கை மாறியதென்று ஒருவருக்கும் தெரியாது. வன்னியில் வாழ்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாகனமும் பத்திரமும் சிதறிப்போன மண் இது. 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் வந்தபோது என்ன நடந்தது? வாகன நம்பரோடு செசி நம்பரையும் கேட்டார்கள். புத்தகம் ஒன்றும் இரும்பு ஒன்றுமாக இருந்தவர்கள் அன்றைக்குத்தான் முழித்தார்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். செசியில் வெட்டி ஒட்டிய தடம் இருந்தால் காசைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரும்பி வரவேண்டும்.

இனி வெள்ளத்துக்கு வருவோம். 2018 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். இரணைமடுத் தண்ணீரும் மழையும் சேர்ந்து வந்தபோது சனத்துக்குக் கைகொடுத்தது படகும் உழவு இயந்திரப் பெட்டியும். ஓடுகிற தண்ணீர் ஒரு அடி இருந்தால் சிறிய காரை மிதக்கவைக்கும், இரண்டு அடி இருந்தால் ஜீப்பையும் அடித்துக்கொண்டு போகும். நான்கு சில்லும் இழுக்கும் என்பது சில்லு தரையில் இருக்கும் வரைதான். ஜீப் இருக்கிறதென்ற தைரியத்தில் யாராவது ஒரு பிள்ளை வாய்க்கால் மதகைக் கடக்கப் போனால், அந்த உயிருக்கு யார் பொறுப்பு?

வருத்தக்காரருக்கென்றால் 1990 இருக்கிறது. 2018இலிருந்து வடக்கிலும் ஓடுகிறது. காசு இல்லை, உள்ளே ஒட்சிசனும் பயிற்சி பெற்ற ஆளும் இருக்கிறார்கள். அது வந்துசேரப் பிந்துகிற ஒழுங்கை எதுவென்று எழுதி பிரதேச செயலகத்துக்குக் கொடுப்போம். முதல் கையெழுத்து நான் வைக்கிறேன்.

விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நபியவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. நனைந்ததை மேலே போட்டிருக்கலாமே, வாங்குகிறவர் பார்த்திருப்பாரே என்று கேட்டார்கள். கறளுக்கு மேலே பட்டி பூசி, பட்டிக்கு மேலே பச்சைப் பெயின்ற் அடித்து, "புது வேலை" என்று படம் போடுவதும் ஈரத்தை அடியில் மறைப்பதும் ஒன்றுதான். எந்தச் சமயத்திலும் அதற்கு வேறு பெயர் கிடையாது.

அதற்குப் பிறகும் போய்ப் பார்க்கத்தான் போகிறோம் என்றால், ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆளை ஜீப்புக்கு அடியில் படுக்கவையுங்கள். முன் புரொப்பெல்லர் சாவ்ட் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா என்று பாருங்கள். முன் டிபரன்சல் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். பால் நிறமாக வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. நான்கு சில்லையும் லோ கியரையும் போட்டு மணலில் ஓடச் சொல்லுங்கள், தார் ரோட்டில் வேண்டாம். புத்தகத்தில் உள்ள ஆள் நேரில் வந்து கையெழுத்து வைக்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

காசை என்ன செய்வதென்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும் ஒழுங்கைக்கு ஒழுங்கை உழவு இயந்திரம் நிற்கிறது. மாரிக்கு முன்னமே நாலு சொந்தக்காரரோடு பேசி, வெள்ள நாளில் இறங்குவதற்கு டீசல் காசும் சாரதிச் சம்பளமும் ஒதுக்கி வையுங்கள். மிதவை அங்கி, கயிறு, டோர்ச், பெட்டிக்கு மேலே ஒரு படங்கு வாங்குங்கள். மிச்சத்தை வங்கியில் இரண்டு கையெழுத்தோடு போடுங்கள். பழுதானால் அன்றைக்கே திருத்தக்கூடிய பொருளில்தான் ஊர்க்காசு போகவேண்டும்.

அந்தச் சீட்டில் கோழி வளர்த்தும் தையல் தைத்தும் மாதம் மாதம் கட்டுகிற அக்காமார் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இரவு வேலை செய்து அனுப்புகிற தம்பிமார் இருக்கிறார்கள். ஒருமுறை அந்தக் காசு மாமரத்துக்குக் கீழே கறள் பிடித்தால், அடுத்த முறை உண்மையான தேவைக்குக் கேட்கும்போது ஒருவரும் தரமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முற்பணத்தை நிறுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரும் கூடிப் பேசுவோம். நான் வருகிறேன். கணக்கோடு வாருங்கள், படத்தோடு வராதீர்கள்.