கடலுக்கும் தீட்டு

கடலுக்கு ஏது தீட்டு என்று கேட்பீர்கள். இருந்தது. அமெரிக்காவின் புளோரிடாவில் வெள்ளையர் குளிக்கும் கடலில் கறுப்பர் கால் நனைக்க முடியாது. 1935இல் ஆபிரகாம் லிங்கன் லூயிஸ் என்ற கறுப்பர், தான் தலைமை வகித்த காப்பீட்டு நிறுவனத்தின் மூலம் அமீலியா தீவில் கடலோர நிலம் வாங்கினார். 'அமெரிக்கன் பீச்' உருவானது. அவமானப்படாமல் குளிக்க, வீடு கட்டி வாழ ஓர் இடம்.

1964இல் டோரா புயல் அடித்தது. அதே ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் மூடிக் கிடந்த கதவுகளைத் திறந்தது. சனம் வேறு கடற்கரைகளுக்குப் போயிடுச்சு. அப்புறம் வந்தான் ரிசார்ட்காரன். பக்கத்து நிலமெல்லாம் அவன் கைக்குப் போச்சு. லூயிஸின் கொள்ளுப்பேத்தி மேவீன் பெட்ச், ஓபரா பாடகி. சொத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, 2005இல் சாகும்வரை அந்த மண்ணுக்காகவே போராடினார். அங்குள்ள 60 அடி மணல்மேட்டை 2004இல் தேசியப் பூங்காத் துறை ஏற்றுக் காத்தது அந்தப் போராட்டத்தால்தான்.

நுழைவு உரிமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மட்டும் போதாது என்கிறேன். 1892 முதல் நமக்கென்று ஒதுக்கி, பிறருக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் போட்ட பஞ்சமி நிலம் இன்னிக்கு யார் கையில இருக்கு? கோயிலுக்குள் நுழைந்த கால், சொந்த மண்ணிலும் நிக்கணும் தோழர்களே!