பாதசாரிக்குரிய தரை

யப்பானிய நகரங்களிற் பாதசாரி மேம்பாலங்கள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு வருகின்றன. நாகோயாவை அடுத்த நிசிபிவாஜிமாவிற் பள்ளிச் சிறார்க்கென 1959 இல் எழுந்த பாலம் அந்நாட்டின் முதலாவது பாதசாரி மேம்பாலமாகக் கருதப்படுவது. அதுவும் 2010 இல் மறைந்தது. உயிர்காத்த பாலங்களை இடிப்பது நன்றிகேடு என வருந்துவோர் உளர். அவை எழுந்த காலத்திலேயே வருந்தியிருக்க வேண்டியவர்கள் இவர்கள்.

மோட்டார் வாகனங்கள் பெருகிய அறுபதுகளில் வீதி மரணங்களை யப்பானியர் 'போக்குவரத்து யுத்தம்' என்றே அழைத்தனர். 1970 இல் மட்டும் மாண்டோர் 16,765 பேர். இந்த யுத்தத்தில் ஆபத்தை விளைவித்தவன் தரையிலேயே நின்றான். ஆபத்துக்குள்ளானவன் ஏறத்தாழ ஐந்து மீற்றர் உயரம் ஏறி இறங்குமாறு பணிக்கப்பட்டான். பள்ளிப் பையைச் சுமந்த சிறுவனும், கைக்குழந்தையுடன் தாயும், கோலூன்றிய முதியவரும் படியேற, வாகனம் ஒரு கணமும் தாமதிக்கவில்லை. பாதுகாப்பு என்பது இதற்கு இடப்பட்ட பெயர்.

1979 இல் மரணங்கள் 8,466 ஆகக் குறைந்தமையைப் பாலத்தின் ஆதரவாளர் சான்று காட்டுவர். ஆனால் 1966 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் நடைபாதைகளும் சமிக்ஞை விளக்குகளும் பெருந்தொகையாக அமைக்கப்பட்டன என்பதை அவர்கள் கூறுவதில்லை. இரும்புப் படிகளுக்கு மட்டும் அப்பெருமையைச் சூட்டுதல் பொருந்தாது.

இவ்வநீதியை அக்காலத்திலேயே இனங்கண்டவர் பொருளியலறிஞர் உசாவா ஹிரோபூமி. சிக்காகோவிற் கற்பித்துவிட்டு 1968 இல் நாடு திரும்பிய அவர், மோட்டார் வாகனத்தின் சமூகச் செலவு பற்றிய தமது நூலை 1974 இல் வெளியிட்டார். அதிற் பாதசாரி மேம்பாலத்தை மனிதத்தன்மையற்ற சமூகத்தின் சின்னமாகவே கண்டார். நடப்போரின் உரிமை மீறப்படாதவாறு தோக்கியோவின் வீதிகளைத் திருத்தியமைப்பதாயின், ஒவ்வொரு வாகனமும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் யென் செலுத்த வேண்டியிருக்கும் என்பது அவரது கணிப்பு. செலுத்தப்படாத அத்தொகை பாதசாரியின் முழங்காலில் அறவிடப்பட்டது.

இன்று பாலங்கள் அகற்றப்படுவது இவ்வுண்மை உணரப்பட்டதனால் என எண்ணுவது மயக்கமே. இரும்பு துருப்பிடித்துவிட்டது, பராமரிப்புச் செலவு ஏறிவிட்டது. 'பயன்படுத்துவோர் குறைவு, அண்மையில் வேறு கடவை உண்டு' என்பன நகராட்சிகள் முன்வைக்கும் அளவுகோல்கள். படியேற இயலாமையால் வெளியே வராதிருக்கும் மூதாட்டி எந்தக் கணக்கெடுப்பில் அகப்படுவாள்? அண்மை என்பதும் எவர் காலால் அளக்கப்படுவது? 1970 இல் மக்களில் நூற்றுக்கு ஏழு பேரே அறுபத்தைந்து வயதைக் கடந்திருந்தனர். இன்று அத்தொகை இருபத்தொன்பது. 1959 இல் முதற்பாலத்தில் ஏறிய சிறுவர் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள்.

ஒசாகாவிலும் நாகோயாவிலும் எஞ்சிய பாலங்கள் சிலவற்றுக்குப் பெயர் சூட்டும் உரிமை வணிக நிறுவனங்களுக்கு விற்கப்படுகின்றது. சிறுவரின் உயிர்காக்க எழுந்ததாகச் சொல்லப்பட்ட இரும்பு, விளம்பரப் பலகையாகிப் பிழைத்திருக்கின்றது!

ஆதலின் பாலம் அகற்றப்படுவது மட்டும் போதாது. கடவை அமைக்கப்படாமற் பாலம் மட்டும் அகற்றப்படின், பாதசாரிக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை என்ற நிலையே எஞ்சும். பாலம் நின்ற அதே இடத்தில், தரைமட்டத்தில், கடவை வரைதல் வேண்டும். அங்கு பச்சை விளக்கு எரியும் நேரம், விரைந்து செல்லும் வாகனத்தின் பொறுமையைக் கொண்டன்றி, மெல்ல நடக்கும் முதியவரின் அடியைக் கொண்டு நிர்ணயிக்கப்படல் வேண்டும். இதனால் வாகனங்கள் தேங்குமே எனப் பொறியியலாளர் முறையிடுவர். தேங்கட்டும், அறுபது ஆண்டுகளாகத் தேங்கி நின்றோர் மறுபக்கத்தினர்.