விரல் ரேகையும் வேலைக்காரர் உரிமையும்

வேலைக்கு வந்தவர் யார், எத்தனை மணிக்கு வந்தார் என்று அறிய முதலாளிக்குப் பாத்தியமுண்டு. ஒருவருக்காக மற்றொருவர் ஆஜர் கொடுக்கும் மோசடி நம் நாட்டில் இல்லையென்றும் நாம் சொல்லமாட்டோம். ஆனால் அதைத் தடுக்கும் பொருட்டு, யோக்கியர் அயோக்கியர் என்ற பேதமின்றி ஒவ்வொருவருடைய விரல் ரேகையையும் வாங்கி வைத்துக்கொள்வது நியாயமா என்பதே கேள்வி. 2014-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் காரியாலயங்களில் ஆதார் எண்ணோடு பிணைத்துப் புகுத்தப்பட்ட இம்முறை, இன்று ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கலாசாலைகளிலும் சாதாரணமாகிவிட்டது.

யந்திரமானது ரேகையின் கோடுகள் முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் அளந்து, எண்களாக்கிச் சேமிக்கிறது. "படத்தை வைத்துக்கொள்வதில்லை, எண்களை மட்டுமே" என்று அதை விற்போர் சமாதானம் கூறுகின்றனர். ஆளை அடையாளம் காட்டுபவை அவ்வெண்களே அன்றோ? சாவி களவு போனால் பூட்டை மாற்றலாம்; விரலை மாற்ற முடியுமா? 2015-ல் அமெரிக்க சர்க்காரின் சிப்பந்தி நிர்வாக இலாகாவிலிருந்து 56 லட்சம் பேருடைய ரேகைகள் களவு போனதாகத் தெரியவந்தது. அவ்வளவு பெரிய சர்க்காரால் காக்க முடியாததை ஒரு சிறு கம்பெனியின் கம்ப்யூட்டர் காக்குமென்று எப்படி நம்புவது?

சுண்ணாம்பிலும் சிமிட்டியிலும் உழைப்பவர், பாத்திரம் தேய்ப்பவர், வயது முதிர்ந்தவர் ஆகியோரின் ரேகைகள் தேய்ந்துபோகின்றன. அவர்களை யந்திரம் அடையாளம் காண மறுக்கிறது. உழைத்ததனாலேயே தேய்ந்த விரல், உழைக்கவில்லையென்று சாட்சி சொல்வதும், அதன்பேரில் கூலி பிடிக்கப்படுவதும் எந்த நீதி? 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது மத்திய சர்க்காரே ரேகைப் பதிவை நிறுத்திக் கையெழுத்துப் புத்தகத்துக்குத் திரும்பியது. அதனால் ராஜாங்கம் ஸ்தம்பித்துவிடவில்லை.

"சம்மதித்துத்தானே கொடுத்தார்கள்" என்பர் சிலர். சம்மதத்துக்கும் நிர்ப்பந்தத்துக்கும் உள்ள பேதம் நமக்குப் புதிதன்று. டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் ரேகையுடன் கட்டாயமாகப் பதிந்துகொள்ள வேண்டுமென்ற சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் சிறை சென்றார். 1908 ஜனவரியில் ஏற்பட்ட ராஜியின்படி, தாமாக மனமுவந்து பதிந்துகொள்ள இசைந்தார். அவர் எதிர்த்தது ரேகையை அன்று, கட்டாயத்தையே. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மர அறுவை ஆலையொன்றில் ரேகை தர மறுத்த தொழிலாளி விலக்கப்பட்ட வழக்கிலும், 2019-ல் அந்நாட்டுத் தொழில் கமிஷன் இதையே கண்டது. வேலை போகுமென்ற மிரட்டலின்கீழ் பெறும் சம்மதம் சம்மதமாகாது என்ற கருத்தை வெளியிட்டு, அவரை விலக்கியது அநியாயமென்று தீர்ப்பளித்தது.

நம் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் 24-8-2017 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆயினும் அடிப்படை உரிமைகள் பெரும்பாலும் சர்க்காருக்கு எதிராகவே செல்லும். தனியார் முதலாளியைக் கட்டுப்படுத்தத் தெளிவான சட்டம் வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அதன் 7-வது பிரிவில், உத்தியோக சம்பந்தமான காரியங்களுக்குச் சம்மதமின்றியே தகவல்களைக் கையாள இடமளிக்கிறது. வேலியில் விட்ட இந்த வழியை அடைக்க வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

இது முடியாத காரியமன்று. அமெரிக்காவில் இல்லினாய் மாகாணம், எழுத்து மூலம் அறிவித்துச் சம்மதம் பெறாமல் ரேகை வாங்கலாகாதென்று 2008-லேயே சட்டம் செய்தது. 2024-ல் பிரிட்டிஷ் தகவல் கமிஷனர், 38 நிலையங்களில் 2,000-க்கு மேற்பட்ட ஊழியர்களின் முகத்தையும் ரேகையையும் பதிந்த ஒரு கம்பெனியை அதை நிறுத்துமாறு உத்தரவிட்டார். அடையாள அட்டை போதுமென்ற இடத்தில் ரேகை எதற்கு என்பதே அங்கு எழுந்த கேள்வி.

நம் கோரிக்கை நான்கே. ரேகை தர விரும்பாதவருக்கும் தர இயலாதவருக்கும் அட்டையோ கையெழுத்தோ மாற்று வழியாக இருக்க வேண்டும். யந்திரத்தின் பிழைக்காகக் கூலி பிடிக்கலாகாது. ரேகை அவசியமேயாயின், அது தொழிலாளியின் கையிலுள்ள அட்டையிலேயே இருக்கட்டும். வேலையை விட்டு விலகிய அன்றே அது அழிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் இவற்றை ஒப்பந்தங்களில் சேர்க்க இப்பொழுதே முயலவேண்டும். ரேகைகள் பறிபோன பிறகு விழித்துக்கொள்வதில் பயனில்லை.